சந்தலியைச் சுற்றி ராச்சாப்பாடு

தேஹிபோலோ,
4 அக்டோபர் 1998

மதிப்பிற்குரிய சனவ்பர் அக்காவுக்கு, தங்கை சவ்ரியின் ஆயிரம் சலாம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமா? உங்கள் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா? எங்களைக் கேட்டால் எல்லோரும் சுகம். உயிரோடு இருப்பதையும் சுகத்தில் சேர்த்துக்கொண்டால் நானும் சுகம்.

அக்கா, ஒரு உதவி. பகலை எப்படியோ ஓட்டிவிடுகிறேன். இந்த ராச்சாப்பாடுதான் என்னைப் படுத்துகிறது. நேற்று மாவு பிசைந்து, நூல் நூலாக வெட்டி, உக்ரோ சூப் வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பெஹ்ரூஸ் தவழ்ந்து வந்து மாவுச் சட்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான். அவனைக் கழுவித் துடைத்துவிட்டு வருவதற்குள் பாத்திமா சூப்பில் இன்னொரு பிடி உப்பை அள்ளிப் போட்டு, "உனக்கு ஒத்தாச பண்ணேன்மா" என்கிறாள். ஸுஹ்ரா கிண்ணத்தையே முறைத்தாள்.

"இதுல வெங்காயம் இருக்கு."

"சூப்புன்னா வெங்காயம் இருக்கத்தான்டி செய்யும்."

"அப்ப எனக்கு சூப்பே வேணாம். ரொட்டி குடு."

நாலு வயதுக்கு இந்த வாய். இரட்டையரில் பின்னால் பிறந்தவள் இவள்தான், பேச்சில் மட்டும் எப்போதும் முன்னால் நிற்பாள்.

நீங்கள் துஷான்பேயில் மழலையர் பள்ளியில் ஒரே அண்டாவில் ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறீர்கள். மூன்றே மூன்று பிள்ளைகளுக்குச் சிக்கலில்லாமல் சாப்பாடு போட ஒரு வழி சொல்லுங்கள். கிழமைவாரியாக எழுதி அனுப்பினால் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே செய்கிறேன்.

கயூரும் சுகம். வேலை வேலை என்று அலைகிறார். சலாம் சொல்லச் சொன்னார். பாத்திமா சலாம் சொல்கிறாள். ஸுஹ்ரா சலாம் சொல்கிறாள். பெஹ்ரூஸ் உங்கள் கையை முத்தமிடுகிறான், கடித்தாலும் கடிப்பான்.

உங்கள் சவ்ரி


துஷான்பே,
19 அக்டோபர் 1998

கண்ணான சவ்ரிக்கு, அக்காவின் சலாம். உன் கடிதத்தைச் சமையற்கட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மாவுச் சட்டியில் உட்கார்ந்தவனை அப்படியே வேகவைத்திருக்கலாமே என்றார்கள். என் முழங்கால் என்னைப்போலவே முணுமுணுக்கிறது. மற்றபடி சுகம்.

தினமும் சாயங்காலம் "இன்றைக்கு என்ன?" என்று யோசிப்பதுதான் உன் முதல் தப்பு. யோசிப்பதை வாரத்துக்கு ஒரு தரம் முடித்துவிடு. திங்கள் பாசிப்பயறும் அரிசியும் குழையவிட்ட மோஷ்கிச்சிரி. செவ்வாய் பால்சோறு. புதன் மாவுக்கஞ்சி, மேலே ஒரு கரண்டி எண்ணெய். வியாழன் உருளைக்கிழங்கு, அதைச் சுட்டாலே போதும். வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டுக்குப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போ, அந்த அம்மாள் பிலாவ் போடட்டும், பேரப்பிள்ளைகள் அவர்களுக்கும்தானே. சனி டர்னிப் சூப். ஞாயிறு மிச்சம் மீதி.

அடுத்தது, சந்தலி போடு. குளிர் வருகிறது. அம்மா செய்ததுபோல அறை நடுவில் குழி, குழியில் கங்கு, அதன்மேல் குட்டை மேசை, மேசைமேல் பெரிய பஞ்சுப்போர்வை. பானையைக் குழியின் ஓரத்தில் கங்கிலேயே வைத்துவிட்டால் சாப்பாடு தானாக வேகும். பிள்ளைகள் போர்வைக்குள் காலை விட்டுக்கொண்டு சுற்றிலும் உட்காரும். கால் சூடாகிவிட்டால் ஒன்றும் எழுந்து ஓடாது. நாம் ஆறு பேரும் அப்படித்தான் அடங்கினோம். கயூரைக் கிழட்டு ஆப்ரிகாட் மரத்தை வெட்டிப் பிளந்து அடுக்கச் சொல். ஒரு குளிர்காலத்துக்குத் தாராளமாக வரும்.

இன்னொன்று. இங்கே எங்கள் கட்டடத்தில் பாதி வீட்டில் ஆம்பிளை இல்லை, எல்லோரும் ரஷ்யாவுக்கு வேலைக்கு ஓடிவிட்டார்கள். கயூர் அந்தப் பேச்சை எடுத்தால் சொல்லிவை, மூன்று குஞ்சுகளோடு உன்னை மலையில் விட்டுவிட்டுப் போனால் நான் நேரில் வந்து அவன் மானத்தை வாங்குவேன். உன்னையும் சும்மா விடமாட்டேன்.

மூன்று பேருக்கும் முத்தங்கள்.

சனவ்பர்


தேஹிபோலோ,
15 நவம்பர் 1998

என் அருமை அக்காவுக்கு, சலாம். முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்பு தடவுங்கள். நாங்கள் அனைவரும் நலம், இந்த முறை நிஜமாகவே நலம்.

அக்கா, உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்! சந்தலி போட்டு இரண்டு வாரமாகிறது. ஒரே அறையில் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டேன். ஜன்னல் இடுக்கெல்லாம் பஞ்சை அடைத்து, மாவுப்பசையில் காகிதம் ஒட்டிவிட்டேன், ஊசிக்காற்று வராது. கயூரின் காடையும் கூண்டோடு உள்ளே வந்துவிட்டது. விட்டத்தில் தொங்கிக்கொண்டு நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக் கத்துகிறது. பானையைக் கங்கோரம் வைத்துவிட்டு நான் துணி மடிக்கிறேன். அம்மாவின் சந்தலி பாதி ராத்திரியில் ஆறிவிடும், ஞாபகமிருக்கிறதா? என்னுடையது விடியும்வரை சுடுகிறது.

ஸுஹ்ராவுக்குக் கால் மட்டும் போதவில்லை. பூனைக்குட்டி மாதிரி தலையையும் போர்வைக்குள் விட்டுக்கொள்கிறாள். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரும். ரொட்டியை வைத்தால் கை உள்ளே போய்விடும்.

"ஏண்டி, மூஞ்சியக் காட்டித்தான் சாப்பிடேன்."

"இங்க என் வீடு. நீ வெளி வீடு. ரொட்டி குடுத்துட்டுப் போ."

நேற்று மூன்றும் சாப்பிடும்போதே தூங்கிவிட்டன. பாத்திமாவின் வாயில் கரண்டி அப்படியே நிற்கிறது. கன்னமெல்லாம் மாதுளம்பழம்போல் சிவப்பு. கல்யாணமான பிறகு முதல் தடவையாக தேநீரைச் சூடாகக் குடித்தேன்.

இந்தக் கடிதத்தை என் மச்சினர் ஹோஷிம் கொண்டுவருகிறார். அவருடைய நிலக்கரி லாரி வாரம் ஒருமுறை இந்தப் பக்கம் வருகிறது. ஆளைப் பார்த்தால் கரி மூட்டை மாதிரி இருப்பார், மனசு தங்கம்.

கயூர் சலாம். பாத்திமா சலாம். போர்வைக்குள்ளிருந்து ஸுஹ்ரா சலாம். பெஹ்ரூஸ் முத்தம்.

சவ்ரி


துஷான்பே,
29 நவம்பர் 1998

கண்ணான சவ்ரி, சலாம். கொழுப்பு தடவினேன், வலி போகவில்லை, பூனைகள்தான் பின்னாலேயே வருகின்றன. மற்றபடி எல்லோரும் சுகம்.

உன் கடிதம் படித்து எனக்கு ஊரே திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஸுஹ்ராவை அதட்டாதே. தலை உள்ளே இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன, வயிற்றுக்குள் போகிறதல்லவா? இங்கே ஒருத்தன் மேசைக்கு அடியில் உட்கார்ந்தால்தான் வாய் திறப்பான், விட்டுவிட்டோம். பிள்ளை சாப்பிட்டால் சரி.

ஒன்று கேட்கிறேன். மூன்று வாய்க்கு என்ன போட்டாய் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாய். நாலாவது பெரிய வாய் என்ன சாப்பிடுகிறது? கயூருக்கு டர்னிப் என்றால் ஆகாதே, சனிக்கிழமை சண்டை போடவில்லையா?

மழை அங்கே பனியாகியிருக்கும். கணவாய் மூடுவதற்குள் எழுது. முத்தங்கள்.

சனவ்பர்


தேஹிபோலோ,
20 டிசம்பர் 1998

அருமை அக்காவுக்கு, சலாம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாங்களும் பரவாயில்லை.

திங்கட்கிழமை பயறும் அரிசியும் போட்டேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் பாத்திமா வாந்தி எடுத்தாள். அவளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஸுஹ்ராவும் எடுத்தாள். பெஹ்ரூஸ் கதவோரம் தொட்டிலில் இருந்தான், அவன் அழுதான், அவ்வளவுதான். எனக்கும் தலையைப் பிளந்தது. காலையில் முற்றத்துக்குப் போய்ப் பனியை அள்ளி முகத்தில் தேய்த்த பிறகு எல்லோரும் சரியாகிவிட்டோம். போன வாரமும் ஒருநாள் இப்படி ஆனது, உங்களைக் கவலைப்படுத்த வேண்டாமென்று எழுதவில்லை. பயறில் ஏதாவது கோளாறு இருக்குமா அக்கா?

கயூருக்கு என்ன கிடைக்கிறதோ அதைச் சாப்பிட்டுக்கொள்கிறார். அவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

எல்லோரும் சலாம். ஸுஹ்ரா உங்களுக்கென்று ஒரு ரொட்டித்துண்டை இதில் வைக்கச் சொன்னாள். எலி தின்றுவிடும் என்று சொல்லி எடுத்துவிட்டேன், என்னோடு பேசமாட்டாளாம்.

சவ்ரி


துஷான்பே,
2 ஜனவரி 1999

கண்ணே சவ்ரி, சலாம். புது வருடத்தில் நீங்கள் ஐந்து பேரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் சுகம்.

பயறை நிறுத்து. பழைய பயறாக இருக்கும், வண்டு விழுந்ததைக் கடைக்காரன் தலையில் கட்டியிருப்பான். மூட்டையோடு கோழிக்குப் போடு. பால்சோற்றையும் கொஞ்சநாள் விடு. உன் மாட்டுக்கு என்ன தீனி போகிறதோ, பால் கனமாக இருந்தால் பிள்ளைகளுக்குப் புரட்டும். டர்னிப்பைத் தோல் சீவி இரண்டு தண்ணீரில் வேகவை. எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வாந்தி என்றால் நான் முதலில் அண்டாவைத்தான் பார்ப்பேன்.

சாப்பிட்டபின் குளிரில் விடாதே, சந்தலிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

கயூரை இரண்டு வரி எழுதச் சொல். அவன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று?

சனவ்பர்


தேஹிபோலோ,
17 ஜனவரி 1999

அக்காவுக்கு சலாம். நலமா?

பயறை விட்டேன். பாலை விட்டேன். டர்னிப்பையும் விட்டேன். உருளைக்கிழங்கும் மாவுக்கஞ்சியும் போட்ட அன்றும் தலைவலி வந்ததால் அவற்றையும் விட்டாயிற்று. நீங்கள் எழுதிக்கொடுத்த பட்டியலே தீர்ந்துபோய், என் வீட்டில் மிச்சம் இருப்பது ரொட்டியும் தேநீரும் மட்டும்தான். நேற்று அதைத்தான் கொடுத்தேன். அதற்கும் ஸுஹ்ரா வாந்தி எடுத்தாள்.

"அம்மா, என் தலைக்குள்ள யாரோ கதவத் தட்டுறாங்க."

"யாருடி?"

"தெரியல. தெறக்கவா?"

வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டில் எண்ணெய் வடிய வடிய பிலாவ் போட்டார்கள். மூன்றும் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு முற்றத்தில் குதித்தன, ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் என் கையில்தானே ஏதோ இருக்கிறது? மாமியாரும் அதைத்தான் சொன்னார்கள். "ஒன் கை சரியில்லடி, கண்ணு பட்டிருக்கு" என்று கண்ணேறு கழியப் புகைக்கிற ஹஸோரிஸ்பந்துச் செடியில் ஒரு கட்டு கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு புகை போடுகிறேன்.

கணவாயில் பனிச்சரிவாம். லாரிகள் நின்றுவிட்டன, ஹோஷிமும் இங்கே மாமியார் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். இது எப்போது வந்து சேருமோ.

பாத்திமா சலாம். ஸுஹ்ரா சலாம். பெஹ்ரூஸ் முத்தம்.

சவ்ரி


துஷான்பே,
31 ஜனவரி 1999

சவ்ரிக்கு சலாம். நாங்கள் சுகம். நீங்கள்?

டிசம்பருக்குப் பிறகு உன் கடிதம் ஒன்றும் வரவில்லை. தினமும் லாரி நிறுத்தத்துக்குப் போய்க் கேட்கிறேன், கணவாய் மூடியிருக்கிறது என்கிறார்கள். ஹெலிகாப்டரில் போகும் ஒரு அம்மாளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளைகள் எப்படி என்று ஒரே ஒரு வரி எழுது. சாப்பாட்டுக் கதை பிறகு ஆகட்டும்.

சனவ்பர்


தேஹிபோலோ,
10 பிப்ரவரி 1999

அருமை அக்காவுக்கு சலாம். உங்கள் கடிதம் ஹெலிகாப்டரில் வந்தது என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். அதே அம்மாளிடம் பதிலையும், ஜனவரியில் எழுதி லாரியிலேயே கிடந்த கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

பிள்ளைகள் இந்த வாரம் தேவலை. காற்று அடித்த இரண்டு நாள் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கெட்ட செய்தி. நேற்று சாப்பாட்டுக்கு உட்காரும்போது காடை கத்தவில்லை. பார்த்தால் கூண்டுக்கடியில் செத்துக் கிடக்கிறது. என் கைபட்ட சாப்பாட்டை அது தொட்டதேயில்லை, தினையும் தண்ணீரும்தான். பாவம், கயூர் போகும்போது பிள்ளைகளை விட அதைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சமாராவிலிருந்து வந்து கேட்டால் என்ன சொல்வேன்?

எழுதிவிட்டேன். இனி அதை அடித்துத் திருத்தி என்ன பயன்? ஆமாம் அக்கா, அவர் செப்டம்பரிலேயே ரஷ்யாவுக்குப் போய்விட்டார். நீங்கள் திட்டுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை. ஆப்ரிகாட் மரமும் வெட்டாமல் நிற்கிறது. பெஹ்ரூஸை இடுப்பில் வைத்துக்கொண்டு கோடாலியா தூக்குவேன்? ஆனால் எங்களுக்குக் குளிரவில்லை, நீங்கள் வருத்தப்படாதீர்கள். ஹோஷிம் நிறைய நிலக்கரி கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். வெளியே வாளியில் புகை நிற்கும்வரை எரியவிட்டுத்தான் சந்தலியில் போடுகிறேன்.

எல்லோரும் சலாம்.

சவ்ரி


துஷான்பே,
18 பிப்ரவரி 1999

சவ்ரி, சலாம் எல்லாம் அப்புறம். இதைப் படித்து முடிக்காதே. முதலில் போய்க் கதவைத் திற. ஜன்னலில் ஒட்டியதைக் கிழி, கிழிக்க முடியாவிட்டால் கண்ணாடியை உடை. பிள்ளைகளை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போ. பிறகு வந்து படி.

சாப்பாட்டில் ஒன்றுமில்லை. உன் கையிலும் ஒன்றுமில்லை. காடை தினை தின்றது, நீங்கள் ரொட்டி தின்றீர்கள், இரண்டுக்கும் பொது அந்த அறையின் காற்றுதான். நிலக்கரியில் புகை நின்றாலும் விஷம் நிற்காது. அது கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. கன்னம் சிவப்பதும் தூக்கம் சொக்குவதும் அதனால்தான். அம்மா சந்தலியில் போட்டது விறகுக் கங்கு, அதுவும் நம் வீட்டுக் கதவில் கை நுழையும் இடுக்கு இருந்தது. நான் விறகு என்று நினைத்துக்கொண்டு உனக்குப் பயறைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

குழியில் இருப்பதை இந்த நிமிஷமே வெளியே கொட்டு. ஸுஹ்ரா போர்வைக்குள் தலையை விடவே கூடாது, அங்கேதான் எல்லாம் நிற்கும். இன்றைக்கே மாமியார் வீட்டுக்குப் போய்விடு. மானமாவது ரோஷமாவது. கயூர் போனதற்கு நான் உன்னைத் திட்டமாட்டேன். ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். என் பிள்ளைகள்மேல் ஆணை.

மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் பறக்கவில்லை. கணவாயை நடந்து தாண்டப்போகிற ஒருவர் காலில் விழாத குறையாகக் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் யாரிடமாவது சொல்லியனுப்பு.

அக்கா


தேஹிபோலோ,
9 மார்ச் 1999

என் அருமை அக்கா சனவ்பருக்கு, தங்கை சவ்ரியின் சலாம். உங்கள் முழங்கால் எப்படி? அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம்.

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தவர் நல்ல மனிதர். கால் விரல்கள் பனியில் கறுத்துப்போயிருந்தன. முற்றம் நிறைய ஆட்களைப் பார்த்ததும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார். நான்தான் போய் வாங்கிக்கொண்டேன். நீங்கள் சொன்னபடியே கதவு அப்போது திறந்துதான் இருந்தது அக்கா. ஜன்னலையும் ஹோஷிம் முந்தின நாள் சாயங்காலமே உடைத்துவிட்டிருந்தார்.

அந்தச் சாயங்காலம் உக்ரோ சூப் வைத்தேன். ரொட்டியும் தேநீருமாகவே போகிறதே, பிள்ளைகள் இளைத்துவிட்டார்களே என்று ஆசையாக வைத்தேன். வெங்காயம் போட்டிருந்தேன். ஸுஹ்ரா கிண்ணத்தைத் தள்ளிவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து ரொட்டியை நீட்டினேன். கை வெளியே வரவில்லை. "ஏய் உள் வீட்டுக்காரி, ரொட்டி வந்திருக்கு" என்றேன். பாத்திமாவும் கூப்பிட்டாள். அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் அக்கா.

பாத்திமாவுக்கும் பெஹ்ரூஸுக்கும் ஒன்றுமில்லை. நானும் இருக்கிறேன்.

நீங்கள் பயறைப் பற்றி எழுதியதை நினைத்து அழுவீர்கள் என்று தெரியும். அழாதீர்கள். நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், விறகு இல்லை என்று ஒரே வரி. உங்கள் வாய்க்குப் பயந்து எழுதாமல் விட்டேன். கயூருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம், எங்கே இருக்கிறார் என்று இன்னும் தெரியவில்லை.

குழியை மண் போட்டு மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு விறகு கொண்டுவந்து போட்டதில் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. கோடைவரை வரும். வழக்கப்படி மூன்று நாள் நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஒருநாள் பயறும் அரிசியும், ஒருநாள் பால்சோறு, ஒருநாள் பிலாவ். நான் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். ராச்சாப்பாடு சுலபமாக வேண்டும் என்று உங்களிடம் கேட்டேன் அல்லவா அக்கா, அது இப்படிக் கிடைத்துவிட்டது.

நாலாம் நாள் நானே சமைத்தேன். வெங்காயம் போடவில்லை.

பெஹ்ரூஸ் உங்கள் கையை முத்தமிடுகிறான். பாத்திமா சலாம் சொல்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அவ்ளோதானாம்மா? அவளோட சலாமையும் எழுது. நான் சொல்றேன் அவளுக்குப் பதிலா" என்கிறாள். எழுதிவிட்டேன். ஸுஹ்ராவும் சலாம்.

சவ்ரி